எழுத்தாளருக்கு மார்க்கு வேண்டுமா?

கதை எழுதப் புகும் வாலிபர்களுக்கு இப்போது ஒரு புத்திமதி தாராளமாய்க் கிடைத்து வருகிறது. "முதலில் உன்னையே ஒரு மார்க்காக ஆக்கிக்கொள். ஒரே மாதிரி படம், ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி பேச்சு வைத்துக்கொள். கைப்பேசியில் தினம் முகத்தைக் காட்டு. பெயர் நின்றுவிட்டால் கதை தானே விற்கும்" என்பதே அது. பட்டணத்துப் புத்திமதி பந்தல்குடி வரைக்கும் வந்துவிட்டது. கரிசலில் பருத்தியும் கம்பும் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் வீட்டுப் பிள்ளை, நாலு கதை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்குத்தான் மார்க்கு இல்லையே, யார் அச்சுப் போடுவார்கள்?" என்று ஏங்குகிறான். ஆதலால் இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று.

மார்க்கு என்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1920-களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கிய நாள் முதலாய், எழுத்தறியாத கிழவியும் படத்தைச் சொல்லியே பெட்டி வாங்கினாள். படம் குச்சியை எரிய வைக்காது என்பது அவளுக்குத் தெரியும். குச்சி நமுத்திருந்தால் அடுத்த தடவை எந்தப் படத்தை வாங்கக்கூடாது என்பதும் தெரியும். மார்க்கின் நியாயமான உபயோகம் இவ்வளவுதான்: சரக்கு கெட்டால் யாரைக் கேட்பது என்பதற்கு ஓர் அடையாளம்.

நிற்க, தமிழ் நாவல் உலகில் முதன் முதலில் மார்க்காக இருந்தது எது? சாதியேயாகும். வடுவூர் துரைசாமி அய்யங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் என்று ஊர், பெயர், சாதி மூன்றும் அட்டையில் நின்றன. அவர்கள் நாவல்களை ஜனங்கள் ஆவலாய்ப் படித்தார்கள். அதை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் அந்த வாலுக்காக அவர்கள் பாடுபட்டதில்லை, அது பிறந்தபோதே கூட வந்தது. 1929-இல் செங்கற்பட்டு மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தது இப்படிப்பட்ட வால்களைக் குறித்துத்தான். வாலைச் சொன்னால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார்களே என்று அஞ்ச வேண்டிய நிலையில் பிறந்தவன், தானே ஒரு பெயரைச் செய்துகொண்டு கடைத்தெருவுக்கு வந்தால் அதை எந்த நியாயத்தைக்கொண்டு கேலி செய்வது?

பெயரைச் செய்துகொண்டவர்கள் அநேகர். ரா. கிருஷ்ணமூர்த்தி இன்னும் வராத அவதாரத்தின் பெயரை எடுத்துக் "கல்கி" ஆனார்; 1941-இல் தொடங்கிய வாரப் பத்திரிகைக்கும் அதையே வைத்தார்; 1954-இல் அவர் மறைந்த பின்னும் பத்திரிகை அப்பெயரிலேயே பல பத்தாண்டுகள் நடந்தது. (அவதாரம் வரவில்லை, பத்திரிகை வந்தது.) இஞ்சினீயர் ரங்கராஜன், ரா. கி. ரங்கராஜன் என்று இன்னொருவர் முன்பே எழுதி வந்ததால், மனைவியின் பெயரைப் போட்டுச் "சுஜாதா" ஆனார். புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாதென்று பெண்களுக்குக் கற்பித்த நாட்டில், மனைவி பெயரால் புருஷன் புகழ் பெற்றது நல்ல வேடிக்கைதான். "கல்கண்டு" ஆசிரியர் தமிழ்வாணனோ பெயரோடு நில்லாமல் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் மார்க்காக்கினார். உறையின்மேல் அவ்விரண்டையும் மட்டும் வரைந்து போட்டாலும் கடிதம் அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்பார்கள். அற்புதங்களை நாம் நம்புகிறவர்களல்ல. தபால்காரரின் கெட்டிக்காரத்தனத்தை நம்பத் தடையில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தொப்பிக்குக் கீழே வாரந்தவறாமல் எழுதித் தள்ளிய ஒரு மனிதர் இருந்தார். இன்று புத்திமதி சொல்பவர்கள் தொப்பியை மாத்திரம் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுகிறார்கள்.

இதில் இன்னொரு கேடும் உண்டு. பஸ் நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களில் கதையின் பெயரைவிட ஆசிரியர் பெயர் பெரிதாய் இருந்ததைப் பலரும் பார்த்திருப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று புரட்டிப் பாராமல் பெயருக்காகவே வாங்கினால், அது படிப்பா, பக்தியா? பக்தர்கள் பெருகினால் எழுதுகிறவனுக்கும் விடுதலை இல்லை. போன தடவை எழுதியதையே திரும்ப எழுது என்பார்கள். வேறு எழுதினால் சாமி மலையேறிவிட்டது என்பார்கள். அன்றியும், பெயர் ஊன்றினால் வயிறு நிறையும் என்பதும் முழு உண்மையல்ல. "புதுமைப்பித்தன்" என்பதைவிடக் கூரிய புனைபெயர் தமிழில் எது? விருத்தாசலம் 1948-இல் காசநோயால், வறுமையில், நாற்பத்திரண்டு வயதில் மாண்டார். அவர் எழுத்துகளை அரசாங்கம் நாட்டுடைமையாக்கியது 2002-இல்.

இனி நம் கரிசலுக்கே வருவோம். இடைசெவல் கி. ரா.வுக்கு வீட்டார் வைத்தது முழ நீளப் பெயர், வால் வேறு. அவர் இரண்டெழுத்தை வைத்துக்கொண்டார், போதுமாயிருந்தது. இந்த விருதுநகர் ஜில்லாவிலேயே மேலாண்மறைநாட்டில் பொன்னுச்சாமி என்பவர் இருந்தார். அய்ந்தாம் வகுப்புக்குமேல் படிக்கவில்லை. சிறு கடை வைத்துப் பிழைத்தார். பெயருக்குமுன் ஊரைச் சுருக்கி "மேலாண்மை" என்று போட்டுக்கொண்டார். துரைசாமி அய்யங்காரும் ஊரைப் போட்டார், இவரும் ஊரைப் போட்டார். வித்தியாசம் வாலில் இருக்கிறது. இவர் ஊரைச் சொன்னதனால், அவ்வூர்க்காரன் எவனும் கதையைப் படித்து, "எங்கள் காட்டில் இப்படியில்லையே" என்று சட்டையைப் பிடிக்கலாம். அதற்குத் துணிந்தே எழுதினார். "மின்சாரப்பூ" என்னும் சிறுகதைத் தொகுதிக்கு 2007-இல் சாகித்திய அகாதெமி பரிசு வந்தது. 2017-இல் மறைந்தார். தொப்பி இல்லை, கண்ணாடி இல்லை.

ஆகவே பந்தல்குடித் தோழரே, நாலு கதையோடு நிற்காமல் நாற்பது எழுதும். அருப்புக்கோட்டைத் தறிக்காரரிடமும், சுண்ணாம்புக்கல் வெட்டும் குழியில் வேலை செய்பவரிடமும் படித்துக் காட்டும்; தூங்கினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடும். புத்தகம் வந்தபின் கூச்சப்படாமல் கூவி விற்கவும். உம் புத்தகத்தை நீரே விற்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. பிரசுரகர்த்தர் முகப்படம் கேட்டால் தாராளமாய்க் கொடும். பெயரின் பின்பாதியைக் கேட்டால் அப்படி ஒன்றில்லையென்று சொல்லும். ஊர் எங்கே என்று கேட்டால், அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி போகிற சாலையில் என்று சொல்லும்.