சும்மா கிடைச்ச இசை

போன தை மாதம் எங்கள் வட்டாரக் குழு நடத்திய விதைத் திருவிழாவை ஒரு தம்பி நாலு நிமிஷ வீடியோவாக்கி வாட்ஸ்அப்பில் விட்டார். நல்லாத்தான் இருந்துச்சு. மாப்பிள்ளைச் சம்பாக் கதிர், சுரைக்குடுக்கையோடு நிற்கும் பாட்டிமார், கம்மங்கூழ்ப் பானை எல்லாம் வந்தது. பின்னணியில் துள்ளலாக ஓர் இசை. "இது யார் வாசிச்சது தம்பி?" என்று கேட்டேன். "நெட்ல சும்மா கிடைச்சது சார்" என்றார்.

அந்தச் 'சும்மா' எனக்குச் சுருக்கென்று தைத்தது. நாலு வருஷம் முன்னால் என்னிடம் பத்து கிலோ தூயமல்லி விதை வாங்கிப்போன ஒருவர், அதைப் பெருக்கி, பளபளவென்று பை போட்டு, 'எங்கள் சொந்த ரகம்' என்று விற்றார். கேட்டால், "சும்மாதானே சார் கொடுத்தீங்க?" என்றார். அதை ரெண்டு மேடையில் சொல்லிப் புலம்பியவன் நான். இப்போ நாமே அதைச் செஞ்சிருக்கோம்.

என் மகள் தேடிப் பார்த்துச் சொன்னாள். அந்த இசை கெவின் மெக்லவுட் என்ற அமெரிக்க இசையமைப்பாளருடையது. ஒண்ணு ரெண்டு இல்லை, ஆயிரக்கணக்கான துண்டுகளைத் தன் இணையதளத்தில் திறந்து வைத்திருக்கிறார். யாரும் எடுக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், வியாபாரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு அவர் கேட்பது தன் பெயரைப் போடச் சொல்லி மட்டும்தான். பெயர் போட முடியாதவர்கள் காசு கட்டி வேறு உரிமம் வாங்கிக்கொள்ளலாம். நாம் ரெண்டும் செய்யவில்லை.

இந்த ஏற்பாட்டுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்று பெயர். 2002 கடைசியில் அமெரிக்காவில் வெளியானது. முப்பத்திமூணு வருஷம் வங்கியில் கடன் பத்திரம் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் என்பதால் உட்கார்ந்து படித்தேன். நம்ம அடமானப் பத்திரம் மாதிரி இல்லை, பாமரனுக்கும் புரிகிற சுருக்கம் கூடவே இருக்கிறது. இசைக்காரர் தன் பதிப்புரிமையை விட்டுவிடுவதில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே, 'இன்னின்னது செய்துகொள், என்னைக் கேட்க வேண்டாம்' என்று முன்கூட்டியே அனுமதி எழுதி வைக்கிறார். பெயர் போடு என்பார் ஒருவர். வியாபாரத்துக்கு எடுக்காதே என்பார் இன்னொருவர். இதை மாற்றி நீ ஒன்று செய்தால் அதையும் இதே நிபந்தனையில் ஊருக்கு விடு என்பதும் உண்டு. எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி நிபந்தனைதான். நெல் ஜெயராமன் ஐயா 2 கிலோ விதை கொடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டாரே, அதே புத்தி. வாங்கினவன் அடுத்தவனுக்குக் கொடுக்கிறவன் ஆகணும். நான் தூயமல்லியை வாய்வார்த்தையாகக்கூட ஒரு நிபந்தனை சொல்லாமல் கொடுத்தேன். தப்பு என் பக்கமும் இருக்கு.

நிபந்தனை எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை. நைன் இன்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழு, பெரிய கம்பெனியை விட்டு வெளியே வந்த கையோடு, 2008-ல் 'கோஸ்ட்ஸ்' என்று 36 இசைத் துண்டுகளை வெளியிட்டது. முதல் 9 இலவசம், முழுசும் 5 டாலர். பகிரலாம், மாற்றலாம், ஆனால் வியாபாரம் கூடாது என்பது உரிமம். அதிலிருந்து ஒரு துண்டை நெதர்லாந்துப் பையன் ஒருவன் எடுத்துத் தாளம் கட்டி இணையத்தில் விற்க, லில் நாஸ் எக்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் அதை 30 டாலருக்கு வாங்கிப் பாடினார். 'ஓல்டு டவுன் ரோடு' என்ற அந்தப் பாட்டு 2019-ல் அமெரிக்கப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் நின்றது. வியாபாரம் என்று ஆனதும் அனுமதி வாங்க வேண்டி வந்தது. குழுவின் டிரெண்ட் ரெஸ்னர் வழிமறிக்கவில்லை. அவர் பெயரும் கூட்டாளி அட்டிகஸ் ராஸ் பெயரும் பாட்டை எழுதியவர்கள் வரிசையில் ஏறின. பகிர்ந்ததால் பாட்டு பிறந்தது, எழுதி வைத்ததால் பெயர் நின்றது.

'சரி, அவங்க ஏற்கெனவே பெரிய ஆளுங்க, நூறு ஏக்கர்க்காரன் ஒரு மூட்டை தானம் பண்றது பெருசா?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். ரெண்டு ஏக்கர்க்காரனுக்குச் சோறு எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. இதற்குப் பியானோ கலைஞர் கிமிகோ இஷிசாகா வழி எனக்குச் சரியாகப் படுகிறது. பாக் இசையமைத்த 'கோல்ட்பெர்க்' வரிசையைப் பதிவு செய்ய, முதலிலேயே இணையம் வழியாக ரசிகர்களிடம் 20 ஆயிரம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். பிறகு வாசித்து, 2012-ல் எந்த நிபந்தனையும் இல்லாமல், பெயர்கூடக் கேட்காமல் உலகத்துக்கே விட்டார்கள். பணம் முதலில், கொடை பிறகு. விதைப்புக்கு முன்னாலேயே நுகர்வோரிடம் முன்பணம் வாங்கி விளைச்சலைப் பங்கு போடுகிற நம்ம நண்பர்கள் சிலருக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும்.

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்கணும். கொடை என்பது கொடுக்கிறவன் முடிவு. 'நல்ல காரியத்துக்குத்தானே, சும்மா வாசிங்க' என்று கலைஞரிடம் நாம் கேட்பதற்குக் கொடைப் பொருளாதாரம் என்று பெயர் வைக்கக் கூடாது. நம்ம காய்கறியை 'இயற்கை விவசாயி, சேவைதானே' என்று அடிமாட்டு விலைக்குக் கேட்பவரைக் கண்டால் நமக்கு எப்படி எரிகிறது?

அதனால் குழுக் கூட்டத்தில் ரெண்டு தீர்மானம் கொண்டுபோனேன். ஒன்று, பழைய வீடியோவில் மெக்லவுட் பெயரும் உரிமமும் போட்டு மறுபடி ஏற்றுவது. அது அன்றைக்கே ஆயிற்று. தம்பி முகம் கோணாமல் செய்தார். ரெண்டாவது, அடுத்த திருவிழாவுக்கு எங்கள் பக்கத்து ஊர்ப் பறைக் குழுவை வைத்துச் சொந்தமாக ஒரு பதிவு எடுப்பது. கூலி முன்பணமாக. அதைத் திறந்து விடுவதா, எந்த நிபந்தனையில் என்பது அவர்கள் இஷ்டம். வேண்டாம் என்றாலும் கூலியில் குறைக்கக் கூடாது என்று மினிட்ஸில் எழுதச் சொன்னேன். கொஞ்சம் முணுமுணுப்பு வந்தது, ஆனாலும் எழுதினார்கள்.

ஆசானை வீட்டில் போய்ப் பார்த்து உரிமத்தைத் தமிழில் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "பேரு போடறது சரிங்கய்யா. என் பேரு ஒண்ணு மட்டுமா, எட்டுப் பேரு பேருமா?" என்றார்.

எட்டுப் பேர் பெயரையும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.