எத்தனை பன்றிகளின் வயிற்றைக் கீறினீர்கள்?

2022 ஜனவரியில் மேரிலாந்தில் டேவிட் பென்னட்டுக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தியபோது, அறுவை சிகிச்சையையும் பத்து மரபணு மாற்றங்களையும் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. கால்நடை மருத்துவனாகக் காலம் தள்ளிய எனக்கு, அந்தப் பன்றி வந்த முட்டையின் மேல்தான் கவனம் போனது. அந்தப் பன்றி குளோனிங் வழியே உருவாக்கிய வகை. விந்தணு இல்லாமலே அந்த முட்டையை யாரோ உசுப்பிவிட்டிருக்க வேண்டும்.

விந்தணு நுழைந்தால் முட்டைக்குள் கால்சியம் எழும், அடங்கும், மறுபடி எழும். மணிக்கணக்கில் இது நடக்கும். குளோனிங்கில் அந்த வேலையை மின்சாரத்திடம் விடுகிறார்கள். இரண்டு பிளாட்டினக் கம்பிகளுக்கு நடுவே, மானிட்டால் கரைசலில் முட்டைகளை வைத்து, மைக்ரோ விநாடிக் கணக்கில் ஒரு அதிர்ச்சி. கால்சியம் ஒருமுறை எகிறும், அவ்வளவுதான். அயனோமைசின் மருந்திலும் ஏறக்குறைய அதே கதை. முட்டை மறுபடி முடங்கிவிடாமலிருக்க, சைக்ளோஹெக்சிமைடு போன்ற ஒன்றில் சில மணி நேரம் வைப்பதும் உண்டு.

இதில் பன்றிக்கே உரிய வில்லங்கம் ஒன்று. ஆரம்பத்தில் நான்கு கருவாவது இல்லாவிட்டால் அதற்குச் சினை நிற்காது. 2000 மார்ச்சில் வர்ஜீனியாவின் பிளாக்ஸ்பர்க்கில் பி.பி.எல். நிறுவனம் குளோனிங் வழியே ஐந்து குட்டிகளைப் பெற்றது. மின்சாரத்தை மட்டும் அவர்கள் நம்பவில்லை. உசுப்பிய முட்டையின் உட்கருவை எடுத்து, இயற்கையாகக் கருவுற்ற இன்னொரு முட்டைக்குள் வைத்தார்கள். அதே ஆண்டு ஜப்பானில் 110 கருக்களை நான்கு பன்றிகளுக்குள் வைத்தார்கள். பிறந்தது ஜீனா என்ற ஒரே குட்டி.

உசுப்பும் முறை சுமாராக இருந்தால், அந்தக் குறையைச் சுமப்பது பெண்பன்றியின் வயிறு. பன்றிக்கு மயக்கம் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காது நரம்பைத் தேடிப் பிடிப்பதற்குள் அது கத்தி ஊரைக் கூட்டிவிடும். பிறகு கீறல், கருக்களை வைத்தல், தையல். சினை நிற்காவிட்டால் அத்தனையும் வீண்.

முட்டைக்குள் இருக்கும் துத்தநாகத்தை டிபென் என்ற வேதிப்பொருளால் கட்டிப்போட்டும் முட்டையை உசுப்பலாம் என்று மிசோரி பல்கலைக்கழகத்தார் 2015இல் காட்டினார்கள். மாற்று உறுப்புக்காக இத்தனை பன்றிகளை வளர்க்கும் காலத்தில், இந்த மாதிரி ஆராய்ச்சிக்குத்தான் முதலில் பணம் போக வேண்டும் என்பேன்.

அடுத்த முறை பன்றிச் சிறுநீரகச் செய்தி வரும்போது நிருபர்கள் கூச்சப்படாமல் கேட்கட்டும்: எத்தனை கரு வைத்தீர்கள், எத்தனை பெண்பன்றிக்கு வைத்தீர்கள், எத்தனை குட்டி உயிரோடு பிறந்தது?