கோல்டு மெம்பரோட காலை டிபனுக்குக் காசு கொடுக்கிறது யாரு?

போன எபிசோட்ல பேமென்ட் ஆப்ஸ் பத்திப் பேசினதுக்கு அப்புறம் இன்பாக்ஸுல திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒண்ணுதான்: "அமெரிக்காவுல ஒருத்தர் ஒரே ஒரு கிரெடிட் கார்டு வாங்கி ஹில்டன்ல டைமண்ட் ஆயிட்டாராம், யூடியூபுல பார்த்தேன். ஆக்லாந்துல நான் எந்தக் கார்டு வாங்கினா அப்படி ஆகலாம்?" மைக் முன்னாடி ரெண்டு நிமிஷத்துல சிரிச்சுக் கடந்துட்டோம். ஆனா கேட்டவங்க சீரியஸாத்தான் கேட்டிருக்காங்க, அதனால இந்த வாரக் கடிதம் முழுக்க அதுக்குத்தான்.

சின்னப் பதில்: அப்படி ஒரு கார்டு இங்க இல்ல. பெரிய பதில்: ஏன் இல்லன்னு புரிஞ்சா, இல்லாததே நல்லதுன்னு உங்களுக்கும் தோணலாம். எனக்குத் தோணுது.

முதல்ல அந்த யூடியூப் ஆள் பொய் சொல்லல. அமெரிக்காவுல ஹில்டனோட ஆஸ்பயர் கார்டை வாங்கினா, ஹோட்டல்ல ஒரு ராத்திரிகூடத் தங்காம டைமண்ட். மேரியட் பான்வாய் பிரில்லியன்ட் கார்டு பிளாட்டினம் அந்தஸ்து தருது; அதைத் தங்கியே சம்பாதிக்கணும்னா வருஷத்துக்கு 50 இரவு. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் கார்டுல ஹில்டன் கோல்டு, மேரியட் கோல்டு ரெண்டும் வரும். அதோட வருஷக் கட்டணத்தை 2025-ல 695 டாலர்ல இருந்து 895-க்கு ஏத்தினாங்க. அந்தக் காசையும் கட்டிட்டு வரிசையில நிக்கிறாங்க.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. இங்க வங்கிகள் தர்ற ரிவார்ட்ஸ் கார்டுகள் பெரும்பாலும் ஏர்பாயிண்ட்ஸைச் சுத்தித்தான் ஓடுது, இல்லன்னா வங்கியோட சொந்தப் பாயிண்ட்ஸ், கேஷ்பேக். ஒரு ஏர்பாயிண்ட்ஸ் டாலர்னா ஏர் நியூசிலாந்து டிக்கெட்டுக்கு ஒரு டாலர். நல்ல கார்டுலகூட அந்த ஒரு டாலருக்கு 70, 80 டாலர் செலவு பண்ணணும். சாதாரணக் கார்டுன்னா நூத்தைத் தாண்டிடும். ஹோட்டல் பேர் போட்ட கார்டுன்னு வங்கிக் கவுண்டர்ல கேட்டா, பாவம், அவங்களே உங்களைப் பார்த்து முழிப்பாங்க. சிட்னியில இருக்கிற கசின் காட்டுற பிளாட்டினம் கார்டு வேற கதை: ஆஸ்திரேலியாவுல அதுக்கு வருஷம் 1,450 ஆஸ்திரேலிய டாலர். அதுல 450 டாலர் டிராவல் கிரெடிட்டாத் திரும்பி வருதுன்னு வைச்சாலும், மிச்சம் ஆயிரம் டாலர் கையில இருந்துதான் போகுது.

ஏன் இந்த வித்தியாசம்? நியூசிலாந்து வங்கிகள் கஞ்சத்தனம் பண்றதால இல்ல. டெக் பாட்காஸ்ட்டோட கடிதம் இது, அதனால குழாய்க்குள்ள கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

நீங்க கடையில கார்டைத் தட்டினதும் கடைக்காரரோட வங்கி உங்க வங்கிக்கு ஒரு துண்டு காசைக் கொடுக்கும். அதுக்குப் பேர் இன்டர்சேஞ்ச். ரிவார்ட்ஸுன்னு நாம கொண்டாடுறதோட முக்கியமான ஊத்து அதுதான். அமெரிக்காவுல 2010-ல வந்த சட்டத்திருத்தம் டெபிட் கார்டுக்கு மட்டும்தான் உச்சவரம்பு போட்டுச்சு. கிரெடிட் கார்டைத் தொடல. அதனால அங்க பிரீமியம் கார்டுல ரெண்டு சதவீதம், அதுக்கு மேலயும் ஓடுது. அந்தக் காசுதான் டைமண்ட், லவுஞ்ச், ஷாம்பெயின் எல்லாம். ஐரோப்பாவுல 2015-லயே தனிநபர் கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம்னு கட்டிப் போட்டாங்க. நியூசிலாந்துல 2022-ல ரீடெய்ல் பேமென்ட் சிஸ்டம் சட்டம் வந்துச்சு. அதன்படி விசா, மாஸ்டர்கார்டு கிரெடிட்டுக்கு 0.8 சதவீதம்னு முதல் வரம்பு. அப்புறம் காமர்ஸ் கமிஷன் இன்னும் இறுக்கி, 2025 டிசம்பர் 1-ல இருந்து கடையில நேரா நடக்கிற வியாபாரத்துக்கு 0.3, ஆன்லைனுக்கு 0.7-ன்னு ஆக்கிட்டாங்க.

அதாவது நீங்க சாண்ட்ரிங்ஹாம் ரோட்டுல நூறு டாலருக்குப் பொன்னி அரிசி, முருங்கைக்காய், தேங்காய் எண்ணெய்னு வாங்கினா, முன்னாடி உங்க வங்கிக்கு அதிகபட்சம் 80 சென்ட். இப்ப 30 சென்ட். முப்பது சென்ட்டை வைச்சுக்கிட்டு யாருக்கு டைமண்ட் கொடுக்கிறது?

கூர்மையானவங்க கேப்பீங்க: 80 சென்ட் வாங்கினப்பவே எப்படி ஒரு டாலருக்கு மேல பாயிண்ட் கொடுத்தாங்க? ஒண்ணு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் இந்த வரம்புக்குள்ளயே வராது. ரெண்டாவது, வருஷக் கட்டணம், வெளிநாட்டுக் கட்டணம். மூணாவதுதான் யாரும் சொல்ல விரும்பாதது: மாசக் கடைசியில முழுசாக் கட்ட முடியாம 20 சதவீதத்தைச் சுத்தி வட்டி கட்டிக்கிட்டு இருக்கிறவங்க. நம்ம நண்பர்கள்லயும் அப்படி இருக்காங்க, வெளிய சொல்ல மாட்டாங்க.

எல்லாரும் பல்லக்குல ஏறினா தூக்கறது யாருன்னு நம்ம பாட்டிங்க கேப்பாங்க. பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியோட பொருளாதார ஆட்கள் 2010-ல அதுக்கே கணக்குப் போட்டுட்டாங்க. கார்டு செலவைக் கடைக்காரர் விலையில ஏத்தி எல்லார் தலையிலயும் வைக்கிறதால, ரொக்கமாக் கொடுக்கிற ஒரு அமெரிக்கக் குடும்பம் வருஷத்துக்குச் சராசரியா 149 டாலரை, தெரியாமலே, கார்டு குடும்பங்களுக்குக் கொடுக்குது. ஒரு கார்டு குடும்பத்துக்குச் சராசரியா 1,133 டாலர் வந்து சேருது. இதுல ஏழை கொடுக்கிறவர், பணக்காரர் வாங்கறவர்னும் அவங்க காட்டினாங்க.

இதை எங்க வீட்டுலயே பார்க்கலாம். அப்பா இன்னமும் எஃப்ட்போஸ் கார்டைச் செருகி, சேவிங்ஸை அமுக்கி, பின் போடுவார். அதுல இன்டர்சேஞ்ச் கிடையாது. கடைக்காரருக்கு அந்த வியாபாரம் கிட்டத்தட்ட இலவசம். பக்கத்துலயே நான் நின்னு போனைத் தட்டுவேன். ரெண்டு பேருக்கும் அரிசி மூட்டை ஒரே விலை. அப்போ என் பாயிண்ட்ஸுல ஒரு துளி அப்பாவோட காசு. அவர்கிட்ட இதைச் சொன்னேன். "அதான் நான் செருகறேன், நீதான் தட்டற"ன்னார். வேற என்ன சொல்லுவார்.

சில கடைகள்ல மட்டும் மெஷின் மேல கையால எழுதி ஒட்டியிருப்பாங்களே, பேவேவ்னா 2 சதவீதம் எக்ஸ்ட்ரான்னு, நாமெல்லாம் திட்டுவோமே, அந்தச் சீட்டு ஒரு விதத்துல நேர்மையானது. தட்டறவர் தட்டறதுக்குக் கொடுக்கட்டும், அப்பா மாதிரி ஆட்கள் கொடுக்க வேணாம்னு சொல்லுது. ஆகிற செலவுக்கு மேல வாங்கினா அது தப்பு, அதைத் தடுக்கணும். ஆனா கடைகள்ல சர்சார்ஜையே மொத்தமாத் தடை பண்ணப் போறோம்னு 2025 ஜூலையில அரசு அறிவிச்சப்ப, எனக்குச் சந்தோஷம் வரல. சீட்டைக் கிழிச்சா செலவு போயிடாது, விலைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். இன்டர்சேஞ்சைக் குறைக்கிறதுதான் சரியான வழி, அதை இங்க செஞ்சிருக்காங்க. இன்னொண்ணு: 2 சதவீதம் சர்சார்ஜ் கொடுத்து 1.3 சதவீதப் பாயிண்ட் சேர்க்கிறவங்க நம்ம கூட்டத்துல நிறையப் பேர் இருக்கீங்க. அதை மட்டும் இன்னைக்கே நிறுத்திடுங்க.

இந்தியாவைப் பாருங்க. யுபிஐ-யில வங்கிக் கணக்குல இருந்து நேரா கொடுத்தா கடைக்காரருக்கு 2020 ஜனவரியில இருந்து கட்டணமே பூஜ்யம். அதனால அதுல பாயிண்ட்ஸுன்னு சொல்லிக்கிற அளவுக்கு எதுவும் இல்ல, அதைப் பத்தி யாரும் அழவும் இல்ல. தள்ளுவண்டி இளநீர்க்காரர் வரைக்கும் கியூஆர் போர்டு மாட்டியிருக்கார். அதே இந்தியாவுல கிரெடிட் கார்டு தனி உலகம். 2023-ல எச்டிஎஃப்சி வங்கி மேரியட் பேர்ல ஒரு கார்டு விட்டாங்க: 3,000 ரூபாயும் வரியும் கட்டினா சில்வர் அந்தஸ்து, 15,000 பாயிண்ட் வரைக்குமான ஒரு இலவச இரவு. சென்னை கசின்ஸ் வாட்ஸ்அப்புல அதைத்தான் காட்டி நம்மளை வெறுப்பேத்தறாங்க. எங்க ஊத்து இருக்கோ அங்கதான் பூ.

சரி, எப்படியோ ஒரு கோல்டு கைக்கு வந்துடுச்சுன்னே வைப்போம். அது நமக்கு எவ்வளவு பெறும்? இங்கதான் யூடியூப் ஆளோட வாழ்க்கையும் நம்ம வாழ்க்கையும் பிரியுது.

நாம எங்க போறோம்? சென்னை, திருச்சி, கொழும்பு, யாழ்ப்பாணம். எங்க தங்கறோம்? சித்தி வீட்டுல. ஏர்போர்ட்ல இறங்கி ஹோட்டலுக்குப் போறேன்னு சொல்லிப் பாருங்க. "ஏன், எங்க வீட்டுல இடம் இல்லையா? நாங்க என்ன குறை வைச்சோம்?" அதுக்கு அப்புறம் மூணு வருஷத்துக்கு அந்தப் பேச்சு ஓயாது. கல்யாணம்னா மண்டபத்துலயே நாலு ரூம் கொடுப்பாங்க, ஒவ்வொண்ணுலயும் பாய் விரிச்சு பதினோரு பேர், ஒரே பாத்ரூம், காலையில அஞ்சு மணிக்கு யாரோ ஒரு பெரியப்பா கதவைத் தட்டுவார். அதுல லேட் செக்-அவுட்டை எங்க போய்க் கேக்கறது? யாழ்ப்பாணத்துல ஹில்டனும் இல்ல, மேரியட்டும் இல்ல.

ஆனா நிலைமை மாறிக்கிட்டு இருக்கிறதையும் பார்க்கிறேன். அம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. குழந்தையோட போறவங்களுக்கு ஏசி வேணும், கொஞ்சம் தனியா இருக்க இடம் வேணும். சித்திக்கும் வயசாயிடுச்சு, ஆறு பேருக்குச் சமைக்கச் சொல்றது பாவம். அதனால "ரெண்டு ராத்திரி மட்டும் ஹோட்டல், அப்புறம் உங்க வீடுதான்"னு ஒரு சமாதானம் நிறைய குடும்பங்கள்ல வந்துடுச்சு. அந்த ரெண்டு, நாலு ராத்திரிக்குக் கணக்குப் போடுங்க. ஹில்டன் கோல்டுல நம்ம பக்கத்து நாடுகள்ல உருப்படியானது ரெண்டு பேருக்குக் காலைச் சாப்பாடு. ஆளுக்கு 35 டாலர்னு தாராளமா வைச்சாலும், நாலு இரவுக்கு 280 டாலர். மேரியட் கோல்டுல அதுவும் கிடையாது: இடம் இருந்தா நல்ல ரூம், இடம் இருந்தா ரெண்டு மணி செக்-அவுட், கொஞ்சம் கூடுதல் பாயிண்ட். இடம் இருந்தாங்கிற வார்த்தையைக் கவனிங்க. கார்டு வைச்சிருக்கிற எல்லாரும் கோல்டுன்னா, கல்யாண முகூர்த்த நாள்ல சென்னையில எந்த ஹோட்டல்ல இடம் இருக்கப் போகுது?

இதுக்கு மேல, பில்லை ரூபாயில நம்ம நியூசிலாந்து கிரெடிட் கார்டுல கட்டினா, பல கார்டுகள்ல ரெண்டு, ரெண்டரை சதவீதம் வரைக்கும் வெளிநாட்டுக் கட்டணம் பிடிப்பாங்க. பாயிண்ட் ஒன்றரை சதவீதம்கூட வராத இடத்துல.

அப்போ என்ன செய்யலாம்னா, பெருசா ஒண்ணும் இல்ல. ஹோட்டல் திட்டத்துல இலவசமாச் சேருங்க, அவங்க சொந்த ஆப்லயே மெம்பர் விலையில, காலைச் சாப்பாடு சேர்ந்த ரூமா புக் பண்ணுங்க. பிரேக்ஃபாஸ்ட் வேணும்னா பிரேக்ஃபாஸ்ட்டை வாங்குங்க, அந்தஸ்தை வாங்காதீங்க. உங்க ஆபீஸ் உங்களை வாராவாரம் வெலிங்டனுக்கும் சிட்னிக்கும் அனுப்பினா கதை வேற. ஹில்டன் 2026-ல இருந்து கோல்டுக்கு 40 இரவை 25-ஆக் குறைச்சிருக்காங்க. ஆபீஸ் காசுலயே தானா வந்துடும், அதை விடாதீங்க.

வீடு வாங்கக் காசு சேர்க்கிறவங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணு. ஒரு கார்டோட சேர்க்கை போனஸுக்காக வாங்கி, அடுத்த கார்டுக்குத் தாவற அமெரிக்க வித்தை இங்க ஆபத்து. வீட்டுக் கடன் கேக்கறப்ப வங்கி உங்க கார்டுல எவ்வளவு பாக்கின்னு மட்டும் பார்க்காது. லிமிட்டையே கடனா எடுத்துக்கும், நீங்க தொடாம வைச்சிருந்தாலும். பிளாட்டினத்துக்கு ஆசைப்பட்டு வாங்கின 20,000 டாலர் லிமிட், மவுன்ட் ராஸ்கில்ல ஒரு வீட்டுக்குக் கிடைக்க வேண்டிய கடனைக் குறைச்சுடும். விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடி லிமிட்டைக் குறைங்க, தேவையில்லாத கார்டை மூடுங்க.

பிரின்சஸ் வார்ஃப் முனையில கப்பல் மாதிரி நிக்குதே அந்த ஹில்டன், அதுல ஒரு ராத்திரி தங்கணும்னு ஆசையா? தங்குங்க, தப்பே இல்ல. கல்யாண நாளுக்குக் காசு கொடுத்துத் தங்குங்க.

இன்டர்சேஞ்ச் குறைஞ்சதைக் காரணம் காட்டி உங்க வங்கி பாயிண்ட் விகிதத்தை மாத்தி மெயில் அனுப்பியிருந்தா, கணக்கு எண்ணை மறைச்சுட்டு எங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க. எந்தக் கார்டு எவ்வளவு குறைச்சிருக்குன்னு அடுத்த எபிசோட்ல பக்கத்துல பக்கத்துல வைச்சுப் பார்க்கப் போறோம். அப்பாகிட்டயும் ஒரு மைக் கொடுக்கலாம்னு இருக்கேன்.