தருபவளும் நோயாளிதான்

“கருமுட்டை தானமும் இரத்த தானம் மாதிரிதான். பிள்ளையில்லாத வீட்டில் தொட்டில் ஆடும், தருபவள் கையில் நாலு காசு சேரும். யாருக்கு என்ன நஷ்டம்?” கருத்தரிப்பு மையங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே இந்த வாதம் வந்துவிடுகிறது. பிள்ளைக்கு ஏங்குபவர்களின் வேதனை எனக்குத் தெரியும். கருமுட்டை தானமே கூடாது என்பதும் என் கட்சியல்ல. ஆனால் இந்த வாதத்தை எங்கே தொட்டாலும், தருகிற பெண்ணின் உடம்பு கணக்கிலேயே வருவதில்லை.

முதலில், இரத்த தானம் என்ற ஒப்பீடு. இரத்தம் கொடுத்தவர் சற்று நேரத்தில் பிஸ்கட்டும் ஜூஸும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விடலாம். கருமுட்டை தருபவளோ பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மாதத்துக்கு ஒன்று முதிர்கிற இடத்தில் பல முட்டைகளை ஒருசேர முதிரவைக்கவே அந்த ஊசி. இடையிடையே ஸ்கேன். கடைசியில் மயக்க மருந்து கொடுத்து, பிறப்புறுப்பின் வழியே நீண்ட ஊசியைச் சினைப்பைக்குள் செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். சிலருக்குச் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மூச்சு முட்டும். அரிதாக உயிருக்கே ஆபத்தாகும். 2010இல் மும்பையில் முட்டை எடுக்கப்பட்ட சில நாட்களில் 17 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது.

அடுத்து, “அவளாக விரும்பித்தானே தருகிறாள்?” வீட்டு வாடகை பாக்கி நிற்கும்போது புரோக்கர் நீட்டுகிற தாளில் போடும் கையெழுத்தை முழுச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? என்ன ஊசி, என்ன பின்விளைவு, வேண்டாமென்றால் எந்தக் கட்டம் வரை விலகலாம் என்பதையெல்லாம் அவளுக்குப் புரிகிற மொழியில் யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். பணம் கட்டுவது தம்பதி. மையம் அவர்களுக்கே பதில் சொல்கிறது. இவள் பக்கம் பேச அந்த அறையில் ஆளில்லை.

“அதற்குத்தான் சட்டம் வந்துவிட்டதே” என்பார்கள். கருத்தரிப்பு மையங்களை ஒழுங்குபடுத்தும் அந்தச் சட்டம் நல்லதுதான். 2021இல் இயற்றப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தருபவளுக்கு 23 முதல் 35 வயது. ஆயுளில் ஒரே முறை. ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது. தம்பதி அவளுக்கு 12 மாதக் காப்பீடு எடுத்துத்தர வேண்டும். ஆனால் அதே ஆண்டு ஜூனில் ஈரோட்டு வழக்கு வெளிச்சத்துக்கு வந்தது. 16 வயதுச் சிறுமி. வயதைக் கூட்டிக் காட்டிய போலி ஆதார். பலமுறை எடுக்கப்பட்ட கருமுட்டைகள். பெற்ற தாயே கைதானார். ஊசிக்கும் ஸ்கேனுக்கும் வந்துபோன பிள்ளையின் முகத்தைவிட அட்டையில் இருந்த தேதி பெரிதாகிவிட்டது. எல்லா மையங்களையும் இணைத்து, ஒருத்தி ஏற்கெனவே தந்திருக்கிறாளா என்று அந்த இடத்திலேயே சரிபார்க்கும் பதிவேடு இல்லாமல், ‘ஆயுளில் ஒரே முறை’ என்பது ஏட்டில்தான் இருக்கும்.

“காசு வாங்கினால் அது தானமா?” என்பது இன்னொரு வாதம். கருமுட்டைக்கு விலை பேசுவதைச் சட்டம் தடுப்பது சரியே. ஆனால் மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், ஆய்வகம் என எல்லாருக்கும் கட்டணம் உண்டு. கூலி இழந்து வலி தாங்கியவள் மட்டும் தியாகியாக வீடு திரும்ப வேண்டுமா? நேர்வழியில் கிடைக்காததைத் தருவதாகச் சொல்லித்தான் புரோக்கர் உள்ளே நுழைகிறார். பிரிட்டனில் முட்டையின் எண்ணிக்கையைப் பார்க்காமல், அவள் படும் சிரமத்துக்கு ஒரே தொகையை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்திருக்கிறது. 2024 அக்டோபர் முதல் அது 986 பவுண்ட். நமக்கும் அப்படி ஒரு பகிரங்கமான ஈடு வேண்டும்.

கடைசியாக, “பிறக்கும் குழந்தைக்குத் தந்தவளைப் பற்றிய விவரமெல்லாம் எதற்கு?” நம் சட்டப்படி குழந்தை தம்பதியின் பிள்ளை, தருபவளுக்கு உரிமையுமில்லை, பொறுப்புமில்லை. அந்தத் தெளிவு அவசியம். ஆனால் தன் உடம்பின் மூலத்தை அறிய நினைக்கும் பிள்ளைக்கு அது பதிலாகாது. பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பின் பதிவானவர்களின் தானத்தில் பிறந்தவர்கள், 18 வயதானதும் தந்தவர் யாரென்று கேட்டறியலாம். பரம்பரை நோய் விவரமாவது நம் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டாமா?

கருமுட்டை தருபவளை மையத்தின் மூலப்பொருளாகப் பார்க்கும்வரை எந்த விதியும் அவளைக் காக்காது. அவளும் அங்கே ஒரு நோயாளி. அவளுக்கென்று தனி ஆலோசகர், முட்டை எடுத்த பிறகும் தொடரும் பரிசோதனை, புகார் சொல்ல ஓர் இடம்: இவற்றைத் தராத மையத்துக்கு உரிமம் தரக்கூடாது.