நேர்த்திக்கடனும் நாகநதியும்

வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்தில் நாகநதிக்காக நடந்தது பார்வைக்குத் தெய்வ காரியம் மாதிரியே இருக்காது. ஓடைப்படுகையில் குழி வெட்டி, சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குகிறார்கள். ஓடிப்போகிற மழைத்தண்ணீர் அதில் இறங்கி நிலத்தடிக்குப் போய்ச் சேரும். ஓடைகளின் குறுக்கே பாறாங்கல் தடுப்புகள். மண் சுமந்தவர்கள் பெரும்பாலும் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள். வறண்டு கிடந்த ஆற்றை மீட்ட இவர்களைப் பற்றி 2021 செப்டம்பர் 26 அன்று பிரதமரே வானொலியில் பேசினார்.

ஒருங்கிணைத்தது 'வாழும் கலை' என்ற ஆன்மிக அமைப்பு. சமயம்தான் சூழலைக் காக்கும் என்று உடனே முடிவுகட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கலாம். 2016 மார்ச்சில் இதே அமைப்பு யமுனையின் வெள்ளச் சமவெளியில் மூன்று நாள் உலகக் கலாசார விழா நடத்தியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 5 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. 2017 டிசம்பரில், அங்கே ஏற்பட்ட சேதத்துக்கு அமைப்பே பொறுப்பு என்றது. அமைப்பு அதை மறுத்தது. குரு ஒருவர்தான், போதனையும் ஒன்றுதான்.

மேற்கத்தியக் கிறிஸ்தவமே சூழல் கேட்டுக்கு வேர் என்று வரலாற்றாசிரியர் லின் வைட் 1967-இல் எழுதியதும் நம்மவர்களுக்கு ஒரு பெருமிதம்: நமக்கு ஆறே தெய்வமாயிற்றே! பாலாற்றங்கரையில் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும். வடமொழியில் க்ஷீரநதி என்று பெயர் வைத்த ஆற்றில்தான் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்தது. எந்த அழுக்கையும் கழுவுகிறவள் கங்கை என்றால், அவளை அழுக்காக்குவதைக் குற்றம் என்று யார் நினைப்பார்கள்? புனிதத்தின் வில்லங்கம் இது.

நம் சமயத்தில் எனக்குப் பயன்படும் என்று படுவது புனிதமல்ல, கடன். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கோயில் இருப்பது கௌண்டன்ய ஆற்றங்கரையில். அங்கே வருகிறவர்கள் 'இயற்கையை நேசிக்கிறேன்' என்று சொல்ல வருவதில்லை. வேண்டிக்கொண்டதைச் செலுத்த வருகிறார்கள். நேர்த்திக்கடனுக்குத் தவணை உண்டு, நாலு பேர் பார்க்க உடம்பால் கட்ட வேண்டும், தள்ளுபடி கிடையாது. வேலூர் தோல் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதே கணக்குதான்: மாசுபடுத்தியவர் கட்ட வேண்டும். அதற்கு முன்பு எத்தனை சிரசு ஊர்வலம் போயிருக்கும்! ஆற்றுக்குப் பட்ட கடன் மட்டும் யார் கணக்கிலும் ஏறவில்லை.

நாகநதிக்காக இறக்கிய உறைகளிலும் வண்டல் படியும். தூர் வாராவிட்டால் சில மழைக்காலங்களில் வெறும் குழிதான் மிஞ்சும். திட்டப் பணமும் தொண்டர்களும் எப்போதும் இருக்கமாட்டார்கள். ஆனால் ஆடிக்கூழுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் நோட்டு ஊருக்கு ஊர் இருக்கிறது. பந்தல், மேளம், வாணவேடிக்கை என்று எழுதிய பக்கத்திலேயே உறைகிணறு தூர் வார என்றும் ஒரு வரி எழுத இடம் இருக்கும்.