முள் மரமும் ஆராய்ச்சிக்கு உரியதே



சென்ற விடுமுறைக்குப் பிறகு என் மாணவி ஒருத்தி, தமிழ்நாட்டுக்குப் போய் வந்த அத்தை கொடுத்ததாக ஒரு பொட்டலம் இலந்தை வடையை வகுப்புக்குக் கொண்டு வந்தாள். ஆளுக்கு ஒரு துண்டு கிடைத்தது. புளிப்பும் உறைப்பும் கலந்த அந்தத் துண்டைச் சப்பிக்கொண்டே ஒருவன் கேட்டான்: “சார், இந்த மரம் தண்ணியே இல்லாத ஊர்லதான் நல்லா காய்க்குமாம். அது எப்படி?”

“அதெல்லாம் தேர்வில் வராது, பாடத்தைப் பார்” என்று சொல்லிவிட்டேன். தவறான பதில் அது. அவன் கேட்டது நல்ல அறிவியல் கேள்வி. தாமதமானாலும், அதற்கான விடையை உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன்.

இலந்தை நம் நாட்டில் ‘பிடாரா’ என்று அறியப்படுகிறது. அதன் அறிவியல் பெயர் சிசிஃபஸ் மொரிஷியானா. இந்தியாவின் வறண்ட, அரை வறண்ட நிலங்களில் தொன்றுதொட்டு வளரும் மரம் இது. தமிழ்நாட்டில் இலந்தைக்குளம் என்ற பெயரிலேயே ஊர்கள் உண்டு. அதன் பழத்தில் 100 கிராமுக்குச் சுமார் 70 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் இருப்பது ஏறத்தாழ 50 மில்லிகிராம்தான்.

ராஜஸ்தானில் உள்ள பிகானேர் நகரம் ஓர் ஆண்டில் பெறும் மழை சராசரியாக 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் மெர்சிங்கில் டிசம்பர் மாதம் மட்டுமே அதைவிட அதிகமாகக் கொட்டிவிடும். அப்படிப்பட்ட பிகானேரில் இலந்தை எப்படிப் பிழைக்கிறது?

முதலில் அதன் வேரைப் பாருங்கள். ஆணிவேர் மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, அடியில் இருக்கும் ஈரத்தைத் தேடிப் பிடிக்கிறது. நாற்றைப் பிடுங்கி நட்டால் இந்த வேர் அறுந்துபோகும். அதனால், மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே விதையை ஊன்றி, கன்று வளர்ந்ததும் அங்கேயே நல்ல ரகத்தின் மொட்டை ஒட்டுக் கட்டும் முறையை ஆராய்ச்சியாளர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

அடுத்தது பருவம். கடும் கோடையில் இலைகளை உதிர்த்துவிட்டு மரம் ஓய்வெடுக்கிறது. மழை வந்ததும் துளிர்த்துப் பூத்து, குளிர்காலத்தில் பழம் தருகிறது. தண்ணீர் இல்லாத மாதங்களில் செலவைக் குறைத்துக்கொள்ளும் சிக்கனக் குடும்பம் மாதிரி.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், இலந்தைக் கன்றுகளுக்குத் தண்ணீரைக் குறைத்து இலைகளைச் சோதித்தார்கள். இலையின் உயிரணுக்களில் சர்க்கரையும் புரோலின் என்ற அமினோ அமிலமும் கூடியிருந்தன. கரைபொருள் அதிகமானால் உயிரணு தண்ணீரை இழக்காமல் பிடித்து வைத்துக்கொள்ளும். படிவம் 4 உயிரியலில் ஓஸ்மோசிஸ் என்று மனப்பாடம் செய்கிறீர்களே, அதே பாடம்தான் பாலைவன ஓரத்தில் ஒரு மரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ‘தேர்வில் வராது’ என்று நான் சொன்னது எவ்வளவு பெரிய பிழை பாருங்கள்!

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். நெல், கோதுமை, செம்பனை போன்ற பயிர்களுக்குக் கிடைக்கும் ஆராய்ச்சிக் கவனம், ஏழை விவசாயியின் வேலி ஓரத்தில் நிற்கும் மரத்துக்கும் கிடைக்க வேண்டும். மழை பொய்த்து நெல் கருகும் ஆண்டிலும் இலந்தை காய்க்கும். இதை உணர்ந்துதான் இந்தியா 1993-இல் பிகானேரில் வறண்ட நிலத் தோட்டக்கலைக்கென ஒரு தேசிய ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் இருந்த, அதிகம் பயன்படுத்தப்படாத பயிர்களுக்கான பன்னாட்டு மையம், 2001-இல் இலந்தைக்கென்றே ஒரு நூல் வெளியிட்டது. பழ ஈயையும் சாம்பல் நோயையும் தாங்கும் ரகங்களைத் தேடும் பணி தொடர்கிறது.

ஆனால், ஆராய்ச்சியை மதிப்பது என்றால் அது சொல்லாததைச் சொல்லாமல் இருப்பதும்தான். ‘பிடாரா இலைத் தேநீர் எல்லா நோயையும் தீர்க்கும்’ என்று கைப்பேசிக்கு வரும் செய்திகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சோதனைக் குழாயிலோ எலியிலோ கண்ட ஒரு பலன், மனிதனுக்கான மருந்தாகிவிடாது. அந்தச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும் முன், “யாரிடம் சோதித்தார்கள்? எத்தனை பேரிடம்?” என்று கேளுங்கள்.

நல்ல மரம் என்பதற்காக எங்கும் கொண்டுபோய் நடுவதும் அறிவியல் ஆகாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட இதே இலந்தை, மேய்ச்சல் நிலங்களில் முட்புதராகப் பரவி, இன்று களையாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. பிறந்த மண்ணில் சோறு போடும் மரம், வேறு மண்ணில் தொல்லையாகலாம்.

அப்படியானால் இவ்வளவு மழை பெய்யும் ஊரில் இருக்கும் நமக்கு இதில் என்ன வேலை? நம் கிழக்குக் கரையில் ‘பிரிஸ்’ எனப்படும் மணல் மண் இருக்கிறது. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் உடனே கீழே இறங்கிவிடும்; சத்தும் தங்காது; வெயிலில் மேல்மண் கொதிக்கும். திரங்கானுவில் இந்த மண்ணில்தான் ரோசெல் பயிரிடுகிறார்கள். மழைக்கு நடுவிலும் தாகத்தோடு நிற்கும் செடிகள் நம் கடற்கரையிலேயே இருக்கின்றன. அவற்றின் கதையை ஆராய யாரும் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை.

இந்த வாரம் ஒரு வேலை செய்து பாருங்கள். கடற்கரையில் நிற்கும் கெத்தாப்பாங் மரத்தின் இலை ஒன்று, உங்கள் வீட்டுத் தோட்டத்துச் செடியின் இலை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இலையின் அடிப்பக்கத்தில் நிறமற்ற நகப்பூச்சைத் தடவிக் காயவிட்டு, ஒட்டும் நாடாவால் உரித்து நுண்ணோக்கியில் வையுங்கள். இலைத்துளைகளின் அச்சு தெரியும். ஒரே அளவு பரப்பில் எத்தனை துளைகள் என்று இரண்டிலும் எண்ணுங்கள். வேறுபாடு இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

அந்த மாணவனின் கேள்வியை எங்கள் ஆய்வுக்கூட வெண்பலகையின் மூலையில் எழுதி வைத்திருக்கிறேன். அதன் கீழே இப்போது மேலும் ஆறு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. எதுவும் தேர்வில் வருமா என்று நான் பார்க்கவில்லை.