மலைப்பாதையும் முதற்பயிற்சியும்

பதினெட்டு வயது நிரம்பியதும் இளைஞன் ஒருவன் பெற்றோரிடம் கேட்பது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளையே. கண்டி மாநகரிலும் சுற்றுப்புறங்களிலும் இவ்வேட்கை வெறும் ஆடம்பரமன்று. தோட்டப்புறப் பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியருக்கும் பேராதனைக்கு வரும் மாணவருக்கும் பஸ்ஸுக்காகக் காத்துக் கழியும் பொழுதை அது மீட்டுத் தருகின்றது. ஆகவே, வாங்கவே கூடாதென்று தடுப்பது எம் கருத்தன்று. வாங்கிக் கொடுப்பதிற் காட்டும் ஊக்கத்திற் பாதியையேனும் பழக்குவதில் நாம் காட்டுவதில்லை என்பதே எம் குறை.

சமதரையிற் பழகி அனுமதிப்பத்திரம் பெற்றுவிடலாம். கடுகண்ணாவைக் கணவாயும், ஹந்தானை ஏற்றமும், மகியங்கனை வழியிலுள்ள பதினெட்டு வளைவும் அந்தப் பத்திரத்தைப் பார்த்து வழிவிடுவனவல்ல. ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் எடுப்பதே இங்கு முதற்பாடம். வலக்கால் பின் பிறேக்கை அழுத்தியிருக்க, கிளச்சை மெல்ல விடுத்து, இயந்திரம் வண்டியைத் தாங்குவதை உணர்ந்த பின்னரே பிறேக்கை விடல் வேண்டும். இறக்கத்திற் சிறிய கியரில் இறங்கினால் இயந்திரமே வேகத்தைக் கட்டும். பெற்றோலை மிச்சம் பிடிக்க எண்ணிக் கியரை நீக்கி உருளவிடுபவன் அத்துணையை இழக்கின்றான். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்தல் வேண்டும்; வளைவினுள்ளே முன் பிறேக்கைச் சட்டெனப் பிடித்தாற் சில்லு வழுக்கும். மழை தொடங்கிய முதற் சில நிமிடங்களில், வீதியிற் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலக்கும்போது, இந்த ஆபத்து மிகும்.

மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவன் ஒரு விநாடியில் 11 மீற்றரைக் கடக்கின்றான். 60 கிலோமீற்றரில் ஏறக்குறைய 17 மீற்றர். கண் கண்டதற்குக் கை இயங்குமுன் கழிந்துவிடும் தூரம் இது. அப்பால், வேகம் இருமடங்கானால் பிறேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். பௌதிகவியல் ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பறையிற் போட்டுக் காட்டினால் எத்துணை நன்று!

பழக்கம் மட்டும் போதுமோ எனின், போதாது. 'ஞானத்தின் ஏழு தூண்கள்' என்னும் நூலை இயற்றிய ரி. ஈ. லோரன்ஸ் பல்லாண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர். 1935 மே 13 அன்று இங்கிலாந்திலே, சைக்கிளில் வந்த இரு சிறுவர்மீது மோதாதிருக்க முயன்று வீழ்ந்தார். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை, மே 19 அன்று மறைந்தார். அவருக்குச் சிகிச்சையளித்தோருள் ஒருவரான மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெயின்ஸ், மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் தலைக்காயங்களைப் பின்னர் ஆராய்ந்து, கவசத்தின் இன்றியமையாமையை 1941இல் எடுத்துரைத்தார். பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2008இல் வெளியான மதிப்பீடொன்று, தலைக்கவசம் மரண ஆபத்தை 42 வீதமும் தலைக்காய ஆபத்தை 69 வீதமும் குறைப்பதாகக் கண்டது. ஆயினும், பொலிசாரைக் கண்டதும் தலையில் ஏறி, வாரைப் பூட்டாமலே ஆடிக்கொண்டிருக்கும் கவசம் யாரைக் காக்கும்?

பெற்றோர் வண்டிக்குப் பணம் ஒதுக்கும்போதே நல்ல கவசத்துக்கும் ஒதுக்குக. அனுபவமுள்ள ஒருவர், சந்தடியற்ற ஞாயிறு காலைகளில், ஏற்றத்தையும் இறக்கத்தையும் பொறுமையோடு பழக்குக. முதற் சில மாதங்கள் பின்னால் எவரையும் ஏற்றாதிருக்க இளைஞனும் உறுதிகொள்க. நண்பர் நகைப்பாரே என்று அஞ்ச வேண்டியதில்லை. மெதுவாக இறங்கியவனுக்கு வீட்டிலே இராச்சோறு காத்திருக்கும். அதனினும் பெரிய வெற்றி எந்த வளைவிலும் இல்லை.